ஹாஸ்டல்ல சேர்த்துவிடுங்க மேடம்

மே மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் ஆபீஸ் வராந்தாவில் அம்மாக்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பிள்ளை, சில சமயம் இரண்டு. கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூட டி.சி. கவுன்சிலரோ டீச்சரோ, போன வருடம் தன் பிள்ளையை இப்படிச் சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான். "ஹாஸ்டல்ல சேர்த்துவிடுங்க மேடம்."

அவர்கள் கேட்பது குழந்தைகள் இல்லத்தை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற இல்லம். அங்கே இருப்பதெல்லாம் அனாதைப் பிள்ளைகள் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகள் கொஞ்சம்தான். நிறையப் பேருக்கு அம்மா இருக்கிறார், இல்லையென்றால் அப்பா இருக்கிறார், இரண்டு பேரும் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பிறந்தநாளுக்குப் பிரியாணி வாங்கி வந்து கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, ஏமாற்றப்பட்டவர் போல.

திருப்பூரில் இந்தக் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. முதலில் தொண்டு நிறுவனம், அப்புறம் அரசுத் திட்டத்தில் தொகுப்பூதியம். இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அந்த அம்மாவிடம் உடனே சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் சொல்லக் கூடாது. வீட்டில் எது இல்லாததால் இந்தப் பிள்ளையை வெளியே அனுப்பத் துணிந்தார் என்று முதலில் தெரிய வேண்டும். கேட்டால் "கஷ்டம்ங்க" என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கஷ்டம் வாடகையா, வட்டியா, குடியா, பயமா, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதாவதா, ராத்திரி யார் பார்த்துக்கொள்வது என்பதா, இதைப் பிரித்துப் பார்க்காமல் பிள்ளையை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினால் நம் கண்ணுக்கு இல்லம் மட்டும்தான் தெரியும்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். இரண்டு மூன்று குடும்பங்களைக் கலந்து, விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது, அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன்.

அம்மாவுக்கு ஊர் தேனிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் வேறொரு வாழ்க்கைக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. பெண் ஆறாவது, பையன் மூன்றாவது. லைன் வீடு, ஒரே அறை, எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு பாத்ரூம். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ராத்திரி எட்டரைக்கு மேல் ஆகிவிடும். ஆபீஸில் வந்து சொன்னது, "சோத்துக்கே வழியில்ல மேடம், ரெண்டையும் சேர்த்துக்கங்க." வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அரிசி டப்பாவில் ரேஷன் அரிசி இருக்கிறது. பையனுக்குக் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே டிபன், இரண்டு பேருக்கும் மத்தியானம் சத்துணவு. பெண்தான் ஆறாவதுக்குப் போய்விட்டதால் காலையில் பழைய சோறு. கஷ்டம் உண்மைதான். ஆனால் பிள்ளைகளை விட்டுப் பிரிகிற அளவுக்கு அவரைத் தள்ளியது சோறு இல்லை என்று பட்டது.

இரண்டாவது தடவை ஞாயிற்றுக்கிழமை போனபோது, துணி துவைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்குப் பிள்ளைகள் வந்தால் எட்டரை வரை தனியாக இருக்கின்றன. அதே வரிசையில் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடுத்திருக்கிற ரூம் ஒன்று. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, லைட்டும் இல்லை. இருட்டிய பிறகு பெண் பாத்ரூம் பக்கமே போகமாட்டேன் என்கிறாள், அம்மா வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடத்தில் பெரியவளாகிவிடுவாள். "யாரும் எதுவும் பண்ணல மேடம். பண்ணிட்டா என்ன பண்றதுன்னுதான்."

அப்புறம் செய்த வேலைகளை எழுதினால் இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். வீட்டு ஓனரைப் பார்த்து பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளும் ஒரு பல்பும் போட வைத்தோம். அதற்கே இரண்டு நடை. ஊரிலிருந்து ஆச்சியைக் கொஞ்ச நாள் வரச் சொன்னோம். பக்கத்துத் தெருவில் அப்போது இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் பேசி, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை இரண்டு பிள்ளைகளும் அங்கே போக ஏற்பாடானது. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க அரசு மாதாமாதம் பணம் தருகிற நிதி ஆதரவுத் திட்டத்தில் பெண்ணுக்கு விண்ணப்பம் போட்டோம். அந்தப் பணம் வந்தால் அரை ஷிப்டை விட்டுவிட்டு ஐந்தரைக்கே வீட்டுக்கு வரலாமா, வாரச் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஆச்சிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, சில மாதத்தில் சண்டை போட்டுக்கொண்டு ஆச்சி பஸ் ஏறிவிட்டார். நல்ல வேளை, அதற்குள் பணம் வரத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் இல்லத்துக்குப் போகவில்லை.

ஆச்சி எங்களை முதன்முதலில் பார்த்தபோது கேட்ட கேள்வியை இங்கே சொல்ல வேண்டும். "ஏம்மா, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருவீகளா?" எங்கள் ஆட்களைப் பற்றி ஊருக்குள் இருக்கிற எண்ணம் இதுதான். வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பயம் இருக்கிற வீட்டில் யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் அடிப்படைக் கொள்கைகள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்பதும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர் கொண்ட குழு அது. சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் முடிய வேண்டும், நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது என்பதால், இந்த விஷயத்தில் நமக்குப் பழக்கம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், இல்லத்தில் சேர்ப்பது ஒரு நாள் வேலை. குழு உட்கார்ந்திருக்கும் நாளில் அழைத்துப் போனால் சாயங்காலத்துக்குள் உத்தரவு, பிள்ளைக்கு ஒரு கட்டில் கிடைத்துவிடும், எங்கள் ரிஜிஸ்டரில் அந்தக் கேஸுக்கு நேரே முடிந்தது என்று எழுதிவிடலாம். வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் நடக்க வேண்டும், கேஸ் முடியாமலே கிடக்கும், மாதாந்திரக் கூட்டத்தில் ஏன் நிலுவை என்று கேட்பார்கள். வேலை செய்யாதவர் நல்ல பெயர் எடுப்பதும் வேலை செய்கிறவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதும் இந்தத் துறையில் மட்டும்தான் என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் இங்கே அதற்கு விலை கொடுப்பது ஒரு எட்டு வயதுப் பிள்ளை.

வீட்டுக்குப் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், புதிதாக எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் அதிகம் திணறுவது இங்கேதான். வகுப்பில் கற்றுக்கொடுத்த கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, கழிப்பறை உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் வரும், அறிக்கையும் நிறையும். அந்த வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது மட்டும் அதில் இருக்காது. இப்போதெல்லாம் இன்னொரு வேடிக்கை, சமூக விசாரணை அறிக்கையை எங்கள் வழக்கத்தில் எஸ்.ஐ.ஆர். என்போம்; எஸ்.ஐ.ஆர். எடுக்க வந்திருக்கிறோம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அதே பெயரில் நடந்த வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு என்று நினைத்துக்கொண்டு ஓட்டு அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள்.

முதலில் வண்டி. அரசு என்று எழுதிய வண்டியை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். தெரு முனையில் இறங்கி நடந்து போங்கள். வண்டி நின்ற அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு பெயர் வந்துவிடும், அந்தப் பெயரோடுதான் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போகும். வழி கேட்பதற்குக்கூட டீக்கடையில் நின்று வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டாம்.

அப்புறம் நேரம். எங்கள் ஆபீஸ் பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை. குடும்பம் குடும்பமாக இருப்பது அதற்கு அப்புறம்தான். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அப்பா குடிக்கிறவர் என்றால் அந்த வீடு சனிக்கிழமை ராத்திரி எப்படி இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால்தான் புரியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால் அவர் தெளிந்த முகத்தோடு, சட்டை பட்டன் போட்டுக்கொண்டு, "உட்காருங்க மேடம், டீ சாப்பிடறீங்களா" என்பார். நல்ல மனுஷன் என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

உள்ளே போனதும் பேனாவை எடுக்காதீர்கள். நான் பார்ப்பது சில விஷயங்களை. பிள்ளையின் ஸ்கூல் பை எங்கே தொங்குகிறது, பிள்ளை எங்கே படுக்கிறது, யார் பக்கத்தில் படுக்கிறது. அப்பா உள்ளே வரும்போது பிள்ளை என்ன செய்கிறது, பேச்சைத் தொடர்கிறதா, சட்டென்று எழுந்து வேறு வேலை பார்க்கப் போகிறதா. வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது. பல வீடுகளில் அது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பாட்டியோ தாய்மாமனோ. அவரை விட்டுவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசித் திட்டம் போட்டால் நாம் தெருவைத் தாண்டுவதற்குள் அது கலைந்துவிடும். எங்கள் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் இல்லத்துக்குப் போகாமல் தப்பியது ஒரு சித்தியாலோ அத்தையாலோதான், ஆனால் அறிக்கையில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட ஒழுங்காக இருப்பதில்லை.

பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். எங்கே தனியாகப் பேசுவது? ஒரே அறை வீட்டில் எல்லோரும் வெளியே போங்கள் என்றால் அதுவே விசாரணை ஆகிவிடும். நான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தண்ணீர்க் குடம் தூக்கப் போனால் கூடவே போவேன். நடந்துகொண்டே பேசும்போது பிள்ளைகள் பேசுகிற அளவுக்கு எதிரில் உட்கார வைத்தால் பேசுவதில்லை. "உனக்கு வீட்ல இருக்கணுமா, ஹாஸ்டலுக்குப் போகணுமா" என்று கேட்டுவிடாதீர்கள். அம்மாவைக் காப்பாற்றுகிற பதில்தான் வரும். "நான் போனா அம்மாவுக்குக் கஷ்டம் இருக்காதுல்லக்கா" என்று எட்டு வயதுப் பையன் சொல்வான். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய், யாரோடு சாப்பிட்டாய், தூக்கத்தில் முழிப்பு வந்தால் யாரை எழுப்புவாய் என்று கேட்டால் தானாகவே எல்லாம் வரும்.

அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். பெரிய பதவியில் இருக்கிறவர்கள்கூட, எல்லோர் முன்னாலும், "பெத்தா மட்டும் போதுமா?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முறை கேட்டுவிட்டால் அந்த அம்மா பிள்ளையை விட்டுவிட்டுப் போன பிறகு பார்க்க வருவதையே குறைத்துக்கொள்வார், வெட்கத்தில். அப்புறம் அதையே காரணமாக வைத்து, பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஃபைலில் எழுதுவார்கள்.

சரி, பணம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வந்த பிறகு நிதி ஆதரவுத் தொகை மாதம் 4000 ரூபாய் ஆனது. அதற்கு முன் 2000. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கிற குடும்பம், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோர் இல்லாத குழந்தை என்று யாருக்குக் கிடைக்கும் என்பதற்குப் பட்டியல் உண்டு. கலெக்டர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். குழந்தை தொடர்ந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் பெற்றோர் இல்லாத, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகளுக்கு மாதம் 2000. வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ள அரசு பணம் தருகிறது என்பதே இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆனால் ஒரு வில்லங்கம். நிதி ஆதரவுக்கு வருமான வரம்பு கிராமத்தில் வருடம் 72,000, நகரத்தில் 96,000. அதாவது திருப்பூரில் மாதம் 8000 ரூபாய். வருடம் முழுக்க விடாமல் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற யாரும் இதைத் தாண்டிவிடுவார்கள். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு அதிக நேரம் உழைத்தால் தகுதி போய்விடும், உழைப்பைக் குறைத்தால்தான் தகுதி வரும், குறைத்துவிட்டுப் பணம் வரும்வரை வாடகையை யார் கொடுப்பது? மேலே சொன்ன அம்மாவுக்கு ஆர்டர் இல்லாத வாரங்களையெல்லாம் கழித்து வருட வருமானத்தைக் கணக்குப் போட்டதில் வரம்புக்குள் வந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. நகர வாடகையைப் பார்க்காமல் யாரோ எங்கோ உட்கார்ந்து போட்ட தொகை என்பதே என் கருத்து.

அதைவிட மோசம் சான்றிதழ். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இருக்கும், வேலை சுலபம். விட்டுவிட்டுப் போனவருக்கு என்ன சான்று? கணவனால் கைவிடப்பட்டவர் சான்றிதழ் என்று இ-சேவையில் உண்டு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். சொந்த ஊரில் விலாசம், பிழைப்பு திருப்பூரில். இங்கே கேட்டால் உங்கள் ஊரில் வாங்குங்கள் என்பார்கள், அங்கே போனால் நீங்கள்தான் இங்கே குடியிருக்கவே இல்லையே என்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு வேறு. ரேஷன் கார்டில் கணவர் பெயர் இன்னும் இருந்தால் அது தனிக் கதை. இதில் களைத்துப் போய்த்தான் பல அம்மாக்கள், "இதெல்லாம் வேணாம் மேடம், ஹாஸ்டல்லயே போட்டுருங்க" என்கிறார்கள். அந்த இடத்தில் நம் வேலை ஆலோசனை சொல்வது இல்லை, கூடவே தாலுகா ஆபீஸுக்குப் போய் உட்கார்வது.

கொரோனா காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 2020 ஊரடங்கில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நிறையப் பேரை அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளை 100 நாளுக்குள் குடும்பங்களோடு சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. குடும்பத்தோடு இருக்கட்டும் என்று இத்தனை பக்கம் எழுதுகிற எனக்கு அது சந்தோஷமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. எந்த வீட்டில் என்ன குறையால் பிள்ளை வெளியே வந்ததோ அந்தக் குறை அப்படியே இருக்கும்போது, நூறு நாள் கெடு வைத்துத் திருப்பி அனுப்புவதும் எதையும் கேட்காமல் இல்லத்தில் சேர்ப்பதும் ஒரே வேலைதான். டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதனால் சில பிள்ளைகள் தப்பித்தார்கள். வீட்டில் நன்றாகவே ஒட்டிக்கொண்டு, திரும்ப இல்லத்துக்கு வரவே தேவைப்படாத பிள்ளைகளும் உண்டு. பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போன பையன்களும் உண்டு, கல்யாணமாகிப் போன பெண்களும் உண்டு.

குடும்பம் என்றால் கோயில் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்தே வீட்டுக்குள் இருக்கிற கேஸ்களில் ஒரு ராத்திரி கூட யோசிக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குடும்ப மானம், அப்பா ஜெயிலுக்குப் போனால் சோறு யார் போடுவது என்று பாட்டி காலில் விழுவார். அந்தக் கேள்விக்கும் நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும், பிள்ளையைப் பேசாமல் இருக்கச் செய்வதன் மூலம் அல்ல. வாக்குமூலம் வாங்க வருகிற பெண் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளை இருக்கிற இடத்துக்கோ அது விரும்புகிற இடத்துக்கோ வர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கூட்டி வாருங்கள் என்று போனில் சொன்னால், மரியாதையாக, ஆனால் முடியாது என்று சொல்லுங்கள். இந்தக் கேஸ்களில் இல்லம் உயிரைக் காப்பாற்றும். இல்லங்களை இழுத்து மூட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராதது இதனால்தான்.

பதினைந்து வயதுக்கு மேல் வந்துவிட்டால் கதையே வேறு. அவர்கள் குழந்தையும் இல்லை, பெரியவர்களும் இல்லை, வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கத் தொடங்கியவர்கள். தென் மாவட்டத்திலிருந்து வந்து கம்பெனியில் வேலை பார்க்கிற பதினேழு வயதுப் பெண், கூட வேலை பார்க்கிற பையனோடு ஊரை விட்டுப் போய்விடுவாள். காணவில்லை என்று புகார், அப்புறம் போக்சோ, பையன் ஜெயிலில், பெண் இல்லத்தில். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் டி.ஜி.பி. சுற்றறிக்கை ஒன்று வந்தது, இருவரும் விரும்பிய காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுகிறது. அந்தப் பெண்ணிடம் எல்லோரும் கேட்பது, "அவன்கூடப் போறியா, அப்பா அம்மாகூடப் போறியா". படிக்கணுமா, வேலைக்குப் போகணுமா, எங்கே தங்க விருப்பம், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க யாரும் இருப்பதில்லை. வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த மாதம் வேறு மாப்பிள்ளையோடு கல்யாணம் நடக்குமா என்பதையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

குழந்தைத் திருமணத்தை நிறுத்துவதும் அப்படித்தான். முகூர்த்த நாள் நெருங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் வரும். சமூக நல அலுவலர், போலீஸ், நாங்கள் எல்லோரும் போய், மண்டபத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, பேப்பரில் செய்தி வரும். பந்தல் போட்ட கடனும் பத்திரிகை அடித்த அவமானமும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும். ஆறு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிவிட்டால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. நிறுத்திய மறுவாரமே அவளைப் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிட முடிந்த கேஸ்களில்தான் கல்யாணம் உண்மையிலேயே தள்ளிப்போனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 வரும் என்று அப்பாவிடம் சொன்னால் சில இடங்களில் வேலை செய்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக மனம் மாறுகிறார்கள் என்று கேவலமாகப் பேசாதீர்கள், பலருக்குத் தேவைப்படுவது சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

இல்லத்திலேயே வளர்ந்து 18 முடித்து வெளியே வருகிறவர்களுக்குப் பிற்காப்பு என்று ஓர் உதவித்தொகை இருக்கிறது, 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். வாடகைக்கு வீடு கேட்டால் அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது என்று கேட்கிற ஊரில் அந்தப் பணம் மட்டும் போதாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

படிக்கிறவர்களில் யாருக்காவது உபயோகப்படலாம் என்பதால் இது. உங்கள் தெருவிலோ பள்ளியிலோ பிள்ளையை வெளியே அனுப்ப யோசிக்கிற குடும்பம் இருந்தால், தெரிந்த இல்லத்தின் போன் நம்பரைக் கொடுப்பதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள், அல்லது 1098க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். 2023லிருந்து அது 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. நிதி ஆதரவுக்குக் குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பாஸ்புக், பெற்றோரில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்று எல்லாம் வேண்டும். பெயரில் இனிஷியல் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள், பாதி மனுக்கள் அங்கேதான் நிற்கின்றன. விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், யார் கேட்டது என்று எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.